உள்பக்கம் பூசிய வீடு

எர்ணாவூர் கடலோரக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கின் மேல்மாடி வீடு, ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காலையில் கட்டடத்திலிருந்து கழன்று ஓர் ஆள் உயரத்துக்கு மேலே மிதந்தது. பால் பாக்கெட் போட வந்தவருக்குக் கதவு எட்டவில்லை. தூக்கி எறிந்தார். பாக்கெட் ஜன்னல் கம்பியில் பட்டுக் கிழிந்தது. கிழிந்த பாலுக்கு யார் பொறுப்பு என்று அரை நாள் சண்டை நடந்தது. வீடு மிதந்ததற்குக் காரணம் சாமி குற்றமோ, செய்வினையோ, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆலைகள் விடுகிற புகையோ இல்லை. சுவரை உள்பக்கம் பூசியதுதான் காரணம். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அடைக்க வேண்டும் என்று இந்தக் குடியிருப்பில் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியாயிற்று. கேட்டால்தானே.

வீட்டுக்காரன் பெயர் மனோகரன். கடல் அவனுடைய குப்பத்தை வரிசை வரிசையாகத் தின்ற பிறகு இங்கே வீடு கிடைத்து வந்த மீனவக் குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, காசிமேட்டில் பைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைக்கிறான். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. விரிசல் விழுந்த இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மேட் என்று சொல்கிற கண்ணாடி நார் விரிப்பை அளவாக வெட்டி வைத்து, அதன் மேல் ரெசின் என்கிற பிசினைத் தடவி உருளையால் உருட்டிவிட்டான் என்றால், போட் மறுநாளே கடலுக்குப் போகலாம். அந்தச் சனியன் பிடித்த ரெசினை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வயிற்றெரிச்சல். சமையலறைக் குழாய் சொட்டியது. சொட்டுகிற குழாய்க்கு உள்ளேயிருக்கிற ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும். மேலே வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்த வாஷரைக் கடையில் காட்டி அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மனோகரன் குழாயின் வாயை ரெசின் வைத்து மூடினான். சொட்டுவது நின்றது, தண்ணீர் வருவதும் நின்றது. அன்றிலிருந்து அவன் மனைவி புஷ்பவல்லி குளியலறையில் குடம் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமைக்கிறாள். "எந்த ஓட்டைய அடைக்கணும், எந்த ஓட்டைய உடணும்னுகூட தெரியாத மனுசன எந்தலைல கட்னாங்க" என்று திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொண்டே வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள். அவர்களும் தங்கள் வீட்டுக் குழாயைப் பற்றிச் சொல்வார்கள்.

குழாயோடு போயிருந்தால் பரவாயில்லை. கிழக்குச் சுவர் இருக்கிறதே, அதுதான் வினை. கடலைப் பார்த்த சுவர். உப்புக் காற்றும் சாய்ந்தடிக்கும் மழையும் அதன் வெளிப்பூச்சில் மயிரிழை மயிரிழையாக விரிசல் போட்டுவிட்டன. புரட்டாசி பிறந்தால் சுவர் குடிக்க ஆரம்பிக்கும், கார்த்திகை முடிகிறவரை நிறுத்தாது. உள்ளே பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து விழும், உப்பு பூக்கும், பூஞ்சணம் ஏறும். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர்களுடைய ஒரே மகள் சினேகா படுக்க வேண்டும், வேறு இடம் இல்லை. சினேகாவுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. இப்போது துணிக்கடையில் பில் போடுகிற பெண். வெயில் காலத்தில் கணீரென்று பேசுவாள். அடைமழையில் அவளால் ஒரு பேச்சை முழுதாகச் சொல்ல முடியாது. "அம்மா, தண்ணி" என்பதற்குள் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும். ஒவ்வொரு வருடமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் மூடி வைத்துக் காற்று மருந்து பிடிப்பார்கள். வீடு மிதந்ததற்கு முந்தின வருடம் அங்கிருந்த டாக்டர் அம்மாள் கோபித்துக்கொண்டார். மருந்து நான் கொடுப்பேன், சுவரை யார் காயவைப்பது, இன்னொரு மழைக்காலம் இவளை அந்தச் சுவரோரம் படுக்க வைத்தால் என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். புஷ்பவல்லி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனோகரனிடம் சொன்னாள்: "இன்னாய்யா, மயைக்கு முன்னாடி செவுரு காயணும். காயலன்னா எம் பொண்ண ரேகா வூட்ல கொண்டு போயி உட்டுடுவேன், சொல்ட்டேன்." ரேகா அவளுடைய தங்கை, எம்.கே.பி. நகரில் இருக்கிறாள், நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே காலை நீட்ட இடம் கிடையாது. தன் வீடு இருக்கும்போது வயசுப் பெண் ஒருத்தி மழைக்காலமெல்லாம் சித்தி வீட்டில் ஒண்டிக்கொண்டு இருப்பதா என்று சொல்லி அன்று புஷ்பவல்லி அழுதாள்.

இந்தக் குடியிருப்பில் யாராவது ஒரு சுவரைப் பார்த்தால் போதும், யோசனை சொல்ல நாலு பேர் முளைத்துவிடுவார்கள். ஒருவர் வெள்ளை சிமென்ட் என்றார். ஈரச் சுவரில் வெள்ளை சிமென்டும் பட்டியும் பூசுவது வேர்த்த முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி. இன்னொருவர் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள், ஒரு வாரத்தில் அது தானாகவே சுருட்டிக்கொண்டு கீழே வந்தது. சுவரில் டைல்ஸ் பதி என்றார் ஒருவர். பிளாக்கின் வாட்ஸப் குழுவில் நாளுக்கொரு வீடியோ வந்தது. எல்லா வீடியோவிலும் சுவர் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற டில்லிபாபு மட்டும்தான் உருப்படியாக ஒன்று சொன்னான். "மாமே, மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாரு. ஒரு மொழம் பிளாஸ்டிக் பேப்பர் வெட்டி செவுத்துல வெச்சி, நாலு பக்கமும் டேப் ஒட்டிடு. ரெண்டு நாள் கயிச்சிப் பாரு. பேப்பருக்கு முன்னாடி தண்ணி கோத்துகினு நின்னா, அது வூட்டுக்குள்ள கீற ஈரம், ஜன்னலத் தொறந்து உட்டா போதும். பேப்பருக்குப் பின்னாடி நின்னா, செவுரு வெளிய இருந்து குடிக்குது." மனோகரன் ஒட்டினான். பேப்பருக்குப் பின்னாடிதான் முத்து முத்தாக நின்றது. அப்படியானால் மொட்டை மாடியிலிருந்து சாரம் தொங்கவிட்டு, வெளிப்பூச்சை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வருகிற இடத்தையெல்லாம் உடைத்து எடுத்து, விரிசலை உளியால் அகலமாகக் கீறி, தூசி தட்டி, நனைத்து, கலவை வைத்து அடைத்து, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு ஆறவிட்டு, அதற்கு மேல் வெளிச்சுவர் பெயிண்ட் அடி என்று டில்லிபாபு சொன்னான். சாரம் கட்டுகிற ஆளுக்குக்கூட அவனே சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

மனோகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏதோ சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்ட மாதிரி சிரித்தான். "பாபு, நடுக்கடல்ல போட்டுக்கு ஓட்டை வுழுந்துச்சின்னு வெச்சிக்கோ. உள்ள குந்திகினு கீறவன்தான் அடைக்கணும். வெளிய எறங்கி நீந்திகினேவா அடைப்பான்? மீச மொளைக்கிறதுக்கு முன்னாடில இருந்து அடைக்கிறேன், எனக்கே சொல்றியா?"

"இது போட்டு இல்ல மாமே, வூடு."

"தண்ணிக்குத் தெரியுமா, அது வூடா போட்டான்னு?"

டில்லிபாபு ஆணி நிறுக்கப் போய்விட்டான். ஆவணியில் ஒரு நாள் புஷ்பவல்லியையும் சினேகாவையும் ரெசின் வாடை ஆகாது என்று ரேகா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனோகரன் காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் சரக்கு கொண்டுவந்து இறக்கினான். கிழக்குச் சுவரை மட்டும் பூசியிருந்தால்கூட இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒரு பக்கம் மட்டும் பைபர் போட்ட போட்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, நாலு சுவரையும் பூசினான், கூரையின் அடிப்பக்கத்தைப் பூசினான், தரையைப் பூசினான், வாசற்படியைப் பூசினான். ரெசினில் கெட்டியாக்குகிற மருந்தை அளவுக்கு மேல் ஊற்றினால் அது சூடேறிப் புகையும். அவசரத்தில் ஊற்றி ஒரு பக்கெட்டை உருக்கினான், மாடிப்படியெல்லாம் கருகல் நாற்றம். முடித்த பிறகு, புது போட்டைக் கடலில் இறக்குகிறபோது செய்கிற மாதிரியே வாசற்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தான். அந்தத் தேங்காய்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். தேங்காய் உடைத்தால் வீடு மிதக்காது. உள்பக்கம் பூசினால் மிதக்கும்.

திரும்பி வந்த புஷ்பவல்லி கண்ணாடியை மாட்ட ஆணி தேடினாள். கான்கிரீட் சுவரானால் அதற்கான பிட்டைப் போட்டு மெஷினால் துளைத்து, பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, அதில் திருகாணி முடுக்கினால் இருபது கிலோ தொங்கினாலும் அசையாது. மனோகரன் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டான். போட்டில் எவனாவது ஆணி அடிப்பானா என்றான். ஆகவே கண்ணாடி தரையில் சாய்ந்து நின்றது, புஷ்பவல்லி குத்த வைத்துத் தலை சீவினாள். மசாலா டப்பா வைக்கிற பலகை கட்டிலுக்கு அடியில் போயிற்று. சாமி படங்கள் நாற்காலியில் உட்கார்ந்தன, ஆட்களுக்கு நாற்காலி இல்லை. அவள் பேசிய பேச்சை எல்லாம் எழுத முடியாது. ஆனால் மழை வந்தது, சுவர் காய்ந்து கிடந்தது. புரட்டாசி முழுக்கச் சினேகா இழுப்பு இல்லாமல் வேலைக்குப் போய்வந்தாள். புஷ்பவல்லி நம்பவில்லை, வாயைத் திறந்து சொன்னால் கண் பட்டுவிடும் என்று பேசாமல் இருந்தாள்.

வெளிச் சுவர் குடிப்பதை நிறுத்தவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. குடித்த தண்ணீர் உள்ளே வர வழியில்லாமல் சுவருக்கும் பைபருக்கும் நடுவில் சேர்ந்தது. பைபர் தண்ணீரைக் கண்டால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. அமாவாசை கழிந்து கடல் ஏறியபோது வீடு கூரையோடும் தரையோடும் கழன்று எழும்பியது. கடல் இறங்கினால் ஒரு முழம் இறங்கும், ஏறினால் ஏறும், ஒருபோதும் முழுதாக உட்காராது. மனோகரன் நங்கூரக் கயிற்றால் அதைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டினான். ஏறி இறங்கக் கயிற்று ஏணி போட்டான். கரண்ட் வயரைத் தளர்வாக நீட்டிவிட்டு, கழிவுநீர்க் குழாயை வெட்டி நடுவில் ரப்பர் குழாய் கொடுத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினான், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தான். முதல் வாரம் மற்ற பிளாக்கிலிருந்தெல்லாம் வந்து வீடியோ எடுத்தார்கள். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ரோட்டில் நிறுத்திப் பார்த்ததில் பாலம் வரைக்கும் வண்டிகள் நின்றன. அடுத்த வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும் கடல் இறங்கியிருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு வருவார். புஷ்பவல்லிக்குத்தான் தாங்கவில்லை. ரசம் சட்டியில் ஒரு பக்கமாகவே நின்றது, இட்லி சரிந்து வெந்தது. "கடலுக்கே போவாதவ நானு, வூட்ல குந்திகினு வாந்தி எடுக்குறேன்யா, இது ஒரு பொயப்பா?" என்று வாசலில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கத்துவாள். நியாயம்தானே.

அதைவிடப் பேஜார் கீழ்வீட்டுக் குப்பம்மாவால் வந்தது. மேல்வீட்டின் தரைதானே கீழ்வீட்டுக்குக் கூரை. வீடு மேலே போனதும் குப்பம்மா படுத்தபடியே ஆகாயத்தைப் பார்த்தாள். குப்பம்மா கருவாடு விற்கிறவள். வெயில் அடித்த நாட்களில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடத்திலேயே கருவாட்டைப் பரப்பி, கட்டிலில் சாய்ந்துகொண்டு காக்கை விரட்டினாள். அந்த மாதம் அவள் கருவாடு நன்றாகக் காய்ந்திருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். ஐப்பசி கடைசியில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன அன்று மழை பிடித்துக்கொண்டது, குப்பம்மாவும் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குள் என் கூரையை இறக்கி வை, இல்லையென்றால் கயிற்றை அறுத்துவிடுவேன் என்று கத்தியோடு கயிற்றடிக்கு வந்துவிட்டாள்.

டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். அவன் குடையைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்துவிட்டு, தரையோரமாகக் கடற்பக்கத்து மூலையில் டிரில்லால் ஒரு துளை போட்டால் போதும், சேர்ந்த தண்ணீர் வடிந்து வீடு தன் இடத்தில் உட்கார்ந்துவிடும் என்றான். உட்கார்ந்த பிறகு? பைபரில் ஓட்டை விழுந்துவிட்டதால் ஈரம் அந்த வழியாகவே உள்ளே வரும். வெளிப்பக்கம் பூசலாமே என்றால், கொட்டுகிற மழையில் எந்தக் கலவை நிற்கும், தை பிறக்கிறவரை கை வைக்க முடியாது. அதாவது சினேகா அன்றைக்கே ரேகா வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொல்லும்போது டில்லிபாபு புஷ்பவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. மனோகரன் டிரில்லை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான், பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டான். "என் போட்ல நானே ஓட்டை போடறதா? கை வர்ல புஷ்பா." அவன் அழுதான் என்றும், மழைச் சாரல் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

"உன் கை எப்பதான் வந்துச்சி, தள்ளு" என்றாள் புஷ்பவல்லி. ஆடுகிற வீட்டில் குடத்தைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மகளுக்குத் துணிமணியெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டாள். பைபர் வழுவழுப்பானது, துளை போடுகிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் பிட் வழுக்காது என்று டில்லிபாபு கீழேயிருந்து சொன்னதைக் கேட்டு, டேப் ஒட்டினாள். முட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு மெஷினை ஓடவிட்டாள். அந்த நேரம் கீழே நனைந்துகொண்டிருந்த குப்பம்மா, இன்னும் என்னடி செய்கிறீர்கள் என்று தொடங்கி, மனோகரனைப் பேமானி என்றும் வீட்டைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத கஸ்மாலம் என்றும் திட்டினாள். அதுவரை ஒரு மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சினேகா எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"இந்தா பெரிம்மா, வெயில் அடிச்ச வரைக்கும் வூட்டுக்குள்ளாறயே கருவாடு காய வெச்சிகினு குஜாலா குந்தினு இருந்தியே, அப்போ எங்க நைனா மேல உனுக்குக் கோவம் வர்ல, மயை வந்தொடனேதான் கூரை நாபகம் வந்துச்சா, அவரு பூசுனது தப்புதான், நாங்க இல்லன்னு சொல்லல, அத்தச் சொல்றதுக்கு எங்கம்மா கீறாங்க, காலைலருந்து சொல்லிகினுதான் கீறாங்க, நீ இன்னாத்துக்கு நடுவுல வர்ற, உன் பாத்ரூம் தண்ணி உனுக்குக் கீய கீற வூட்ல ஒயுவுதுன்னு அந்த வூட்டுக்காரங்க எத்தினி தபா வந்து கேட்டாங்க, ஒரு தபா அடைச்சியா, சொம்மா கதவ சாத்திகினு தூங்குனியே, நீ பேச வந்துட்டியா, பேமானி கீமானின்னு இன்னொரு தபா எங்க நைனாவ சொல்லிப் பாரு, ஏணில எறங்கி வந்தேன்னு வெச்சிக்கோ, அப்பறம் தெரியும் சேதி!"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று ஈரமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இத்தனையையும் ஒரே இழுவையாகச் சொல்லி முடித்து, நிறுத்தி, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். இருமவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. அவள் ஐப்பசியில் இவ்வளவு பேசி அந்தப் பிளாக்கில் ஒருவரும் கேட்டதில்லை. மெஷின் சத்தம் நின்றது. டேப்பில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். புஷ்பவல்லி எழுந்து வந்து மகளைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, மறைக்கவும் இல்லை.

"யக்கா," என்று கீழே பார்த்துச் சொன்னாள், "இன்னும் ரெண்டு வார்த்தை திட்டுக்கா. அவ பேசட்டும்."

"இன்னாம்மே, லூசா நீயி?" என்றாள் குப்பம்மா. சொல்லிவிட்டு, தலையில் கவிழ்த்திருந்த அலுமினியக் கூடையை எடுத்தாள். ஒவ்வொரு மழைக்காலமும் மேலே அந்தப் பெண் இழுக்கிற சத்தத்தைத் தன் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் அவள். முகத்தில் மழையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் அங்கேயே ஊன்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி ஆரம்பித்தாள்: "இன்னாடி சொன்ன, எறங்கி வருவியா? வாடி, வந்துதான் பாருடி!"

டில்லிபாபு டிரில்லை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மழை விட்ட முதல் நாள் மனோகரன் குப்பம்மாவுக்குத் தனியாக ஒரு பைபர் கூரை போட்டுக் கொடுத்தான். டில்லிபாபு பக்கத்திலேயே நின்று, வெளிப்பக்கம் மாமே, வெளிப்பக்கம் என்று சொல்லிச் சொல்லிப் பூசவைத்தான். அது ஒழுகவில்லை, மிதக்கவும் இல்லை. தை வந்தது, மாசி வந்தது. சுவர் காய்ந்திருக்கிறது, சாரம் கட்டி வெளியே பூசிவிட்டு வீட்டை இறக்கு என்று நாங்கள் எல்லோரும் மனோகரனிடம் சொன்னோம். பூசுகிறேன் பூசுகிறேன் என்கிறான், இன்னும் பூசியபாடில்லை, சமையலறைக் குழாயையும் திறக்கவில்லை. புஷ்பவல்லி வாந்தி எடுப்பதை நிறுத்திவிட்டாள், பேசுவதை நிறுத்தவில்லை. வீடு கடலோடு ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது, காலையிலிருந்தே குப்பம்மா கீழேயும் சினேகா மேலேயும் நின்றுகொண்டு சண்டை போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. யாரும் போய் விலக்கிவிடுவதில்லை.